ஆறு பேருக்கு மட்டும் அனுமதி: சான் பிரான்சிஸ்கோ நாட்குறிப்பு

முதல் நாள்: திங்கள், அக்டோபர் 14, 2024

விமான நிலையத்தில் பார்ட் ரயில் ஏறிப் பதினாறாம் தெரு மிஷன் நிலையத்தில் இறங்கியபோது மாலை நான்கு மணி. கல்லூரித் தோழன் வாசலிலேயே நின்றிருந்தான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் மென்பொருள் வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்தவன், வருகிற வெள்ளிக்கிழமை, பதினொரு ஆண்டுகளாக எதிர் அறையில் குடியிருக்கும் ஒருவரை நகர மண்டபத்தில் மணக்கப்போகிறான். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "ஆறு பேருக்கு மேல உள்ள விட மாட்டாங்களாம். அதுல நீ ஒருத்தி, தெரியுதா? சும்மா சுத்திப் பாக்க வந்தேன்னு நெனச்சுக்காத" என்றான். நான் வேறொன்றும் நினைக்கவில்லை. என் துணைவியையும் சேர்த்தால் ஏழாகிவிடும் என்பதால்தான் அவள் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிக்காட்டினேன்.

வீடு டூபோஸ் முக்கோணம் என்னும் பகுதியில், 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீ எட்டாமல் விட்ட தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. மரத்தாலான பழைய மூன்றடுக்கு வீடு. இவர்கள் இருப்பது நடு அடுக்கில். வாசலிலிருந்து முப்பத்தோரு படிகள். எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால், மேலே நின்ற பெரியவர் நான் ஏற ஏற ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணிக்கொண்டிருந்தார். தோழன் கற்றுக்கொடுத்ததாம். பத்தொன்பதுக்கும் இருபத்தொன்பதுக்கும் மட்டும் அவர் நாக்கு தடுமாறியது.

பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற செவிலியர். 1983 முதல் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறது. அடுத்தவர் மணிலாவிலிருந்து வந்து 1994இல் இங்கே குடிபுகுந்த திருநங்கை, சிகையலங்காரம் தொழில். வீட்டில் எல்லோரும் அவரை 'ஆத்தே' என்றே அழைக்கிறார்கள். தகாலோக் மொழியில் அக்கா என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது ஆத்தா என்று விழுகிறது என்று நான் சொன்னதும், அதிலும் தவறில்லை என்று தோழன் சிரித்தான். 2003இல் அவன் வந்தான். 2013இல், அவன் இப்போது மணக்கப்போகும் ஓட்டுநர் வந்தார். மார்க்கெட் தெருவில் ஓடும் எஃப் தடத்தின் பழைய டிராம் வண்டிகளை ஓட்டுகிறவர். மிஷன் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மெக்சிக்கக் குடும்பத்துப் பிள்ளை. இந்தக் குறிப்புகளில் அவர்களில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை.

இரண்டாம் நாள்: செவ்வாய்

நேரமாற்றத்தால் மூன்றரை மணிக்கே விழித்துவிட்டேன். ஓட்டுநர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சமையலறையில் என் தோழன், அவன் ஆயுளில் ஒன்பது மணிக்கு முன் எழுந்து நான் பார்த்திராதவன், இஞ்சித் தேநீரைக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் கேட்காமலே கதையைச் சொன்னான். 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது டிராம்கள் நின்றுபோயின. ஓட்டுநரைப் பேருந்துக்கு மாற்றினார்கள். பெரியவருக்குத் தொற்று வந்துவிடக்கூடாது என்று அவர் யாருடனும் உட்கார்ந்து பேசுவதை நிறுத்திவிட்டு, பின்வாசல் வழியாகத் தன் அறைக்கு வந்து போனார். அப்போதுதான் இவன் குடுவையைக் கீழ்ப்படியில் வைக்கத் தொடங்கினான். மாலையில் குடுவை கழுவித் துடைத்து அதே படியில் இருக்கும். இப்படியே பதினான்கு மாதங்கள். அடுத்த ஆண்டு மே மாதம் எஃப் தடம் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, முதல் வண்டியில் ஏற வருகிறாயா என்று ஒரு துண்டுச் சீட்டைக் குடுவைக்குள் போட்டிருந்தார். "ஏழு வருஷமா ஒரே குளியலறைடீ. அப்பல்லாம் ஒண்ணும் தோணல" என்றான். இவர்கள் இருவரையும் தவிர வீட்டில் எல்லோருக்கும் எப்போதோ தோன்றிவிட்டது என்று பெரியவர் பின்னால் என்னிடம் சொன்னார்.

பகலில் ஆத்தே என்னை டெண்டர்லாய்ன் பகுதிக்கு அழைத்துச் சென்றார். டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் முனையில்தான், இரவெல்லாம் திறந்திருக்கும் காம்ப்டன் உணவகம் இருந்தது. 1966 ஆகஸ்டில் ஓர் இரவு, காவலர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தபோது ஒரு திருநங்கை தன் கோப்பையிலிருந்த காப்பியை அவர் முகத்தில் வீசினார் என்பது இந்த ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் எழுச்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்தையது இது. ஆனாலும் அந்த நாளின் தேதியைக்கூட எந்தச் செய்தித்தாளும் குறித்து வைக்கவில்லை. இன்று நடைபாதையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது; சுற்றியுள்ள தெருக்களை 2017இல் நகரம் திருநர் பண்பாட்டு வட்டாரமாக அறிவித்திருக்கிறது; விளக்குக் கம்பங்களில் வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். ஆத்தே கல்லைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த மாடிச் சன்னல்களைக் கைகாட்டினார். அங்கே வார வாடகைக்கு அறை கிடைத்த காலத்தில் வந்ததால்தான் தன்னால் இந்த நகரத்தில் கால் ஊன்ற முடிந்தது என்றும், இன்று விமானத்தில் வந்து இறங்கும் ஒரு பெண் கம்பத்தின் வண்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் முடியும் என்றும் சொன்னார்.

பிறகு அவரே விரும்பி கியர்னி தெருவுக்குக் கூட்டிப்போனார். வயதான பிலிப்பினோ, சீனத் தொழிலாளர்கள் ஒற்றை அறைகளில் வாழ்ந்த இன்டர்நேஷனல் ஹோட்டல் அங்கே இருந்தது. அவர்களில் பலர் மணமாகாதவர்கள். அடுத்த அறைக்காரரே சொந்தம். 1977 ஆகஸ்ட் 4 விடியலுக்கு முன், கட்டடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றதையும் மீறிக் காவல்துறை உள்ளே புகுந்து அந்த முதியவர்களை வெளியேற்றியது. அதே இடத்தில் 2005இல் முதியோருக்கான குடியிருப்பு எழுந்தபோது, வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் குயர் வரலாற்று நடை என்று என்னைக் கூட்டிவந்துவிட்டு இங்கே ஏன் நிறுத்தினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் நாள்: புதன்

காலையில் தனியாக நடந்தேன். காஸ்ட்ரோ தெருவில் 1922இல் கட்டிய திரையரங்கு புதுப்பிப்புக்காக மூடிக் கிடந்தது. முனையில் இருக்கும் ட்வின் பீக்ஸ் மதுக்கூடம் திறந்திருந்தது. 1972இல் அதை எடுத்து நடத்திய இரு பெண்கள் பெரிய கண்ணாடிச் சன்னல்களை மறைக்காமல் வைத்தார்கள். உள்ளே இருப்பவரைத் தெருவில் போகிறவர் பார்க்கலாம் என்பதே அந்தக் காலத்தில் துணிச்சல். இப்போது அந்தச் சன்னலோரத்தில் வெள்ளைத் தலைகளாகவே தெரிந்தன. லெக்சிங்டன் தெருவுக்கும் போனேன். 2009இல் நானும் என் துணைவியும் வந்தபோது, பெண்களை நேசிக்கும் பெண்களுக்கென்றே அங்கே ஒரு மதுக்கூடம் இருந்தது. பொது இடத்தில் நாங்கள் கையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்த முதல் மேசை அது. 1997இல் தொடங்கியது, 2015இல் மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த பெண்களால் அந்தப் பகுதியில் குடியிருக்க முடியாமல் போனதுதான் காரணம் என்று அதை நடத்தியவரே அப்போது எழுதியிருந்தார். முனையில் நின்று துணைவிக்கு ஒரு படம் அனுப்பினேன். "எந்த இடம்?" என்று பதில் வந்தது.

மாலையில் சமையலறை மேசையில் வாக்குச்சீட்டுகள் கிடந்தன. கலிபோர்னியாவில் எல்லா வாக்காளர்களுக்கும் தபாலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். இந்தச் சீட்டில், மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் முன்மொழிவுகளில் இரண்டை மட்டும் தோழன் பேனாவால் வட்டமிட்டிருந்தான். மூன்றாம் எண், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று 2008இல் மாநில அரசமைப்பில் சேர்த்த வரியை நீக்குவது. நீதிமன்றங்கள் அதைச் செல்லாததாக்கிப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த வாசகம் ஏட்டில் அப்படியே இருந்தது. முப்பத்து மூன்றாம் எண், கோஸ்டா-ஹாக்கின்ஸ் என்னும் 1995ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை நீக்குவது. முதலாவது வென்றுவிடும் என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாவதைப் பற்றி அந்த நம்பிக்கை இல்லை. 2018இலும் 2020இலும் இதே நோக்கத்துடன் வந்த முன்மொழிவுகள் தோற்றன.

வீட்டின் சிக்கல் எனக்கு அப்போதுதான் புரிந்தது. 1979 ஜூன் 13க்கு முன் கட்டி முடித்த இத்தகைய வீடுகளில் நகரம் வைத்த வரம்புக்கு மேல் ஆண்டு வாடகை ஏற முடியாது. அதனால்தான் இவர்கள் நால்வரும் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு, முதன்முதலில் ஒப்பந்தம் செய்து குடிவந்தவர் அங்கே வாழும் வரைக்கும்தான். அவர் போய்விட்டால், அந்த 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு உரிமையாளர் எந்த வாடகையும் கேட்கலாம். பெரியவர் பிப்ரவரியில் பதினேழாம் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நடந்தால் பத்து நிமிட தூரத்தில், லகூனா தெருவில் குயர் முதியோரை மனத்தில் வைத்துக் கட்டிய குடியிருப்பில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே மின்தூக்கி உண்டு. அவர் போக மறுக்கிறார். தான் இறங்கிய மறுமாதமே இந்த மூவரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

திருமணம் இதற்கு உதவாது. என் தோழனும் ஓட்டுநரும் கணவர்களாகலாம், ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் மற்றவர் கையெழுத்திடலாம், வரிக் கணக்கைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் நாற்பத்தோரு ஆண்டுகள் இந்தக் கூரையைத் தாங்கிப் பிடித்தவர் அதை இவர்களுக்கு விட்டுப்போக வழியில்லை. குடும்பம் என்பதை அன்பால் விளக்கும் எத்தனையோ கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், நானே எழுதியுமிருக்கிறேன். வாடகை குறைவாக இருந்த ஒரு நகரத்தில்தான் இந்த அன்புக்கு ஓர் அறை காலியாக இருந்தது என்பதை அவற்றில் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. ஆத்தே கியர்னி தெருவில் ஏன் நின்றார் என்பதும் இப்போது விளங்கியது.

சட்டத்தில் ஒரு சிறு சந்து இருக்கிறது. 1996 ஜனவரி 1க்கு முன்பே அந்த வீட்டில் வாழத் தொடங்கிய துணைக் குடியிருப்பாளருக்கு அந்த வாடகை உயர்வு பொருந்தாது. வாடகைதாரர்களுக்கு இலவச ஆலோசனை தரும் வழக்கறிஞர் சொன்னதாம். ஆத்தே வந்தது 1994 என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் காகிதம் வேண்டும். அவரிடம் காகிதம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். மேசையில் பேச்சு நின்றுவிட்டது. ஆத்தே எழுந்து பாத்திரம் கழுவப் போனார்.

நான்காம் நாள்: வியாழன்

அக்டோபர் 17. 1989இல் இதே நாள் மாலை 5:04க்கு லோமா பிரியேட்டா நிலநடுக்கம். பெரியவருடன் கோல்டன் கேட் பூங்காவில் உள்ள எய்ட்ஸ் நினைவுத் தோப்புக்குப் போனேன். 1991இல் தன்னார்வலர்கள் புதர் மண்டிக் கிடந்த பள்ளத்தைத் துப்புரவு செய்து தொடங்கியது, 1996இல் தேசிய நினைவிடமானது. ரெட்வுட் மரங்களின் நிழலில் சரிந்து இறங்கும் பாதையின் முடிவில் வட்டமான ஒரு கல்தளம். 'நண்பர்கள் வட்டம்' என்று பெயர். தளமெங்கும் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

பெரியவர் கைத்தடியைக் கிடத்திவிட்டு ஒரு பெயரின் பள்ளங்களில் இருந்த ஊசியிலைகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த சிறு தூரிகையால் அகற்றினார். அவருடைய காதலர். அந்த நிலநடுக்கத்தன்று தெருவைப் பார்த்த அறையில் படுக்கையில் கிடந்தவர், வீடு ஆடியபோது 'இதற்குப் பிறகும் நான்தான் முதலில் போவேன் போலிருக்கிறது' என்று சிரித்தாராம். மூன்று வாரத்தில் இறந்தார். பெற்றோர் வேறு மாநிலத்திலிருந்து வந்து உடலைக் கொண்டுபோனார்கள். அடக்கத்துக்கு இவர் அழைக்கப்படவில்லை. அந்த ஊர்க் கல்லறையில் மகன் எதனால் இறந்தான் என்பதற்கும் யாருடன் வாழ்ந்தான் என்பதற்கும் சுவடில்லை. அதனால்தான் இங்கே அந்தப் பெயர் முழுதாக, நடுப்பெயருடன் இருக்கவேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார்.

அவர் வேலை செய்தது நகரப் பொது மருத்துவமனையின் 5பி பிரிவில். 1983இல் திறந்த, அமெரிக்காவின் முதல் எய்ட்ஸ் உள்நோயாளிப் பிரிவு அது. கையுறை அணியாமல் நோயாளியைத் தொட்டுப் பேசியதற்காக அதைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். பெரியவருக்குப் பெருமை வேறொன்றில். யார் குடும்பம் என்பதை அங்கே நோயாளியே சொன்னார். சொன்னவர் எந்த நேரத்திலும் வரலாம், கட்டிலருகே தூங்கலாம். இரவுப்பணியில் அந்தப் பட்டியலை எழுதியது இவர்தான். "ஒருவர் தன் நாயின் பெயரைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்" என்றார்.

காதலர் போன பின் ஐந்து ஆண்டுகள் அந்த அறை பூட்டிக் கிடந்தது. 1994இல் அதைத் திறந்து ஆத்தேவுக்குக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது ஆத்தே கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து மடியில் வைத்திருந்தார். உள்ளே வான்வழித் தபால் உறை ஒன்று, ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகக் கோடு. மணிலாவிலிருந்து அவர் அம்மா எழுதியது. அஞ்சல் முத்திரையில் 1994 நவம்பர் தெளிவாகத் தெரிந்தது. முகவரியும் இந்த வீட்டுடையதே. அதற்கு மேலே எழுதியிருந்ததை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. நீதிமன்ற ஆணை பெற்று 2001இல் பெயரை மாற்றிக்கொண்டவர் பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். இதை மட்டும் எரிக்க முடியவில்லை, அம்மாவின் கையெழுத்து. என் தோழன் இருபத்தோரு ஆண்டுகளாக அவருடன் ஒரே வீட்டில் இருக்கிறான், அந்தப் பெயர் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஐந்தாம் நாள்: வெள்ளி

நகர மண்டபத்தின் குவிமாடம் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் குவிமாடத்தைவிட உயரம் என்று ஓட்டுநர் மூன்று முறை சொன்னார். பதற்றம். ஆறு பேர்: பெரியவர், ஆத்தே, நான், ஓட்டுநரின் அக்கா, அக்காவின் மகள், தோழனின் முன்னாள் காதலன். மாமன் மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் தமிழில், முன்னாள் காதலனை எப்படி அழைப்பது என்பதற்குச் சொல் இல்லையே என்றேன். "பங்காளி" என்றான் தோழன், யோசிக்காமல். இருவரும் பிரிந்தபோது ஒரு குளிர்பெட்டிக்காக நடந்த சண்டை எனக்குத் தெரியுமாதலால் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

பெரிய படிக்கட்டின் உச்சியில் உள்ள வட்டக்கூடத்தில்தான் சடங்கு. அங்கே ஹார்வி மில்க்கின் மார்பளவுச் சிலை புன்னகையுடன் இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமலே 1977இல் நகர மேற்பார்வைக் குழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறு ஆண்டு நவம்பர் 27 அன்று இதே கட்டடத்தில் மேயர் ஜார்ஜ் மஸ்கோனியுடன் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2004 பிப்ரவரி 12 அன்று, ஐம்பதாண்டுகளைத் தாண்டிய துணைவர்களான டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் இந்தக் கட்டடத்தில் முதல் ஒருபாலின இணையாக மணந்தார்கள். தொடர்ந்து நான்கு வாரங்களில் ஏறக்குறைய 4,000 இணைகள். ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனையையும் செல்லாததாக்கியது. அந்தப் பிப்ரவரி மழையில் வெளியே வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்குக் குடை பிடித்தவர்களில் பெரியவரும் ஒருவர். இன்று மின்தூக்கியில் வந்து, சாட்சி இடத்தில் கையெழுத்திட்டார். உறுதிமொழியின்போது என் தோழன் குரல் உடைந்து தமிழுக்குத் தாவிவிட்டது. "சரிடா, சரிடா" என்று பதில் சொன்னவர் ஓட்டுநர். அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரியும்.

எல்லாம் முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த இணை காத்திருந்தது.

ஆறாம் நாள்: சனி

மாலை விமானம். காலையில் வழக்கறிஞர் எழுதித் தந்த உறுதிமொழிப் பத்திரம் சமையலறை மேசைக்கு வந்தது. உறையின் நகலையும் 2001ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணையையும் இணைத்து உரிமையாளருக்கு அனுப்பவேண்டும். ஆத்தே இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எதற்காகவும் இந்தக் காகிதத்தை அனுப்ப வேண்டாம், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், முப்பத்தோரு படிதானே என்று பெரியவர் சொல்லத் தொடங்கியபோது ஆத்தே கையை உயர்த்தி நிறுத்தினார். பதினேழாம் படியில் உங்களைத் தூக்கியது நான் என்றார்.

முதல் பக்கத்தில் தன் பெயரையும் முகவரியையும் எழுதினார். அடுத்த வரியில், 'முன்பு வழங்கிய பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றது. மேசையைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம். தோழன் சன்னலைத் திறக்கப் போனான். சற்று நேரம் கழித்து ஆத்தே பேனாவைப் பெரியவர் பக்கம் உருட்டிவிட்டார்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடக்கையால் தாளை மறைத்தபடி, 5பி பிரிவில் பட்டியல் எழுதிய அதே அச்சு எழுத்துகளில் அந்தப் பெயரை எழுதினார். மை காயும் வரை கையை எடுக்கவில்லை. பிறகு தாளை மடித்து உறைக்குள் போட்டு நாவால் நனைத்து ஒட்டினார். காப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.